கறுப்பு மருதாணி: அழகும் தீங்கும்

பெருநாளிலும் நிக்காஹிலும் மருதாணி இடுவது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். இலையிலுள்ள லாசோன் எனும் இயற்கை நிறமி, சில மணி நேரம் ஊறிய பின்னரே தோலைச் செம்பழுப்பாக்கும். ஆயின், விரைவிலேயே கருநிறம் தரும் ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் கலந்திருப்பது பாரா ஃபினிலீன் டையமின் எனும் செயற்கைச் சாயப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் இதனைத் தலைமுடிச் சாயத்தில் 2 விழுக்காட்டிற்கு மிகாமல் அனுமதிக்கிறது. தோலில் பூச அமெரிக்காவிலும் அனுமதியில்லை. கொப்புளம் ஆறிய பின்னரும் ஒவ்வாமை உடலில் தங்கிவிடக்கூடும். பல்லாண்டுகள் கழித்துத் தலைமுடிக்குச் சாயமிடும்போது அது கடுமையாக வெளிப்படலாம். அலங்காரம் ஆகுமானதே, தீங்கு விளைப்பது ஆகுமானதன்று என்பதே ஃபிக்ஹு நமக்குக் கற்பிக்கும் நெறி. எனவே, கலந்திருப்பது யாதென அறியாத கோனை விடுத்து, அரைத்த இலையையே நம் பிள்ளைகளின் கரங்களில் இடுவோமாக.