கோமாளி மேயரின் கணக்குப் புத்தகம்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைப் பற்றிப் பேச்செடுத்தால், மைம் கலைஞர்கள் கதையை யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசியவர்கள் நாற்சந்தியில் நிற்பார்கள். கண்ட இடத்தில் சாலையைக் கடப்பவரின் பின்னாலேயே போய், அவர் நடையை அப்படியே நடந்து காட்டுவார்கள். அபராதச் சீட்டு கிடையாது, அதட்டல் கிடையாது. தெருவே பார்த்துச் சிரிக்கும், அவ்வளவுதான். இருபது பேருடன் தொடங்கிய இந்த வேலைக்காகப் பின்னர் மேலும் நானூறு பேர் பயிற்சி பெற்றார்கள். ஏற்பாடு செய்தவர் ஆன்டனாஸ் மோக்கஸ். 1995 முதல் 1997 வரையும், 2001 முதல் 2003 வரையும் அந்நகரின் மேயர். கதை உண்மைதான். ஆனால் பொகோட்டா மாறியதற்கு அது மட்டுமே காரணம் என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

மோக்கஸ் 1952இல் பொகோட்டாவில் பிறந்தவர். பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து குடியேறியவர்கள். தாய் நியோலே ஷிவிக்காஸ் பெயர்பெற்ற சிற்பி. பிரான்சின் டிஜோன் நகரில் கணிதம் படித்து, ஊர் திரும்பித் தத்துவத்திலும் பட்டம் பெற்று, கொலம்பிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதன் தலைவராகவும் உயர்ந்தார். 1993இல் அரங்கு நிறைய மாணவர்கள் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தபோது, திரும்பி நின்று பேன்ட்டை இறக்கிப் பின்புறத்தைக் காட்டினார். காட்சி தொலைக்காட்சியில் ஓடியது, பதவி போனது. மூடி மறைக்கும் அரசியல்வாதிகளைப் பார்த்து அலுத்துப்போன மக்களுக்கோ, இந்த மனிதரிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று பட்டது போலும். அடுத்த ஆண்டே கட்சியில்லாமல், செலவென்று சொல்லும்படி எதுவும் செய்யாமல் நின்று, என்ரிக்கே பெனலோசாவைத் தோற்கடித்து மேயரானார்.

இங்கே பலரும் விட்டுவிடும் பெயர் ஹைமே காஸ்ட்ரோ. மோக்கஸுக்கு முந்தைய மேயர். நகர நிர்வாகத்தில் மாமன்ற உறுப்பினர்கள் கைவைத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை முடித்துவைத்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தது. வீட்டின் மதிப்பை உரிமையாளரே கணித்துச் சொத்து வரி கட்டும் முறையும் அப்போது வந்ததுதான். ஆக, மோக்கஸ் நாற்காலியில் உட்கார்ந்தபோது அதிகாரமும் இருந்தது, கஜானாவில் பணமும் வரத் தொடங்கியிருந்தது. காஸ்ட்ரோ வேடிக்கை எதுவும் காட்டவில்லை. அதனால் உலகம் அவரை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மோக்கஸின் கோமாளித்தனங்களுக்குப் பின்னால் ஒரு பேராசிரியரின் கோட்பாடு இருந்தது. மனிதரைக் கட்டுப்படுத்துபவை மூன்று: சட்டம், மனசாட்சி, ஊர்வழக்கம். சட்டம் தடுப்பதை ஊர்வழக்கம் ஏற்றுக்கொண்டால் அந்தச் சட்டம் செல்லாக்காசு. ஆகவே அபராதத்துக்கு அஞ்சாதவரும் நாலு பேர் சிரிப்பதற்கு அஞ்சுவார் என்று கணக்குப் போட்டார். கட்டைவிரல் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அச்சிட்ட மூன்றரை லட்சம் அட்டைகள் மக்களிடம் தரப்பட்டன. சாலையில் ஒழுங்காக நடப்பவருக்கும் தவறு செய்பவருக்கும் காட்ட. நல்ல டாக்சி ஓட்டுநரைக் கண்டால் தன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்றும் கேட்டார். இத்தனைக்கும் நடுவே, லஞ்சத்துக்குப் பேர்போன நகரப் போக்குவரத்துக் காவல் பிரிவைக் கலைத்துப் பொறுப்பைத் தேசியக் காவல்துறையிடம் ஒப்படைத்ததும் இவர்தான்.

1997இல் பொகோட்டாவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிங்காசா சுரங்கக் குழாய் இடிந்தது. மேயர் தொலைக்காட்சியில் ஷவரின் கீழ் நின்று குளித்தார். சோப்புப் போடும்போது குழாயை மூடினார். நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்றார். இரண்டே மாதத்தில் நீர்ப் பயன்பாடு 14 சதவீதம் இறங்கியது. குளியல் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சிக்கனமாக இருப்பவருக்குக் கட்டணம் குறையும்படி அவர் கொண்டுவந்த ஏற்பாட்டைச் சொல்பவர்கள்தான் குறைவு. ரசீதில் தொகை குறைவதைப் பார்த்த பிறகுதான் மக்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் பயன்பாடு தட்டுப்பாட்டுக்கு முன்பிருந்ததைவிட 40 சதவீதம் குறைந்துவிட்டது.

கொலைகள் விஷயத்திலும் இதே கலவைதான். 1993இல் லட்சம் பேருக்கு 80 என்றிருந்த கொலை விகிதம் பத்தாண்டில் 22 அளவுக்கு வந்தது. சாலை விபத்துச் சாவுகள் ஆண்டுக்கு 1,300 அளவிலிருந்து 600 அளவுக்குக் குறைந்தன. மதுக்கடைகளை இரவு ஒரு மணிக்கு மூடும் உத்தரவுக்குக் ‘கேரட் நேரம்’ என்று பெயர் வைத்தார். ஒழுங்கான பிள்ளையைக் கேரட் என்று கிண்டலடிப்பது அந்த ஊர்ப் பழக்கம். மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கிக் கரண்டி செய்தார். ஆனால் கொலைகள் அவர் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தன. காவல்துறையும் அதே காலத்தில் சீர்திருத்தப்பட்டது. இடையில் மேயரான பெனலோசாவுக்கும் இந்த எண்களில் பங்கு உண்டு. மொத்தப் புகழையும் மோக்கஸுக்கு எழுதிவைப்பது நியாயமில்லை.

எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது வரி விவகாரம். 2002இல், முடிந்தவர்கள் கட்டவேண்டிய வரிக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்துக் கட்டுங்கள் என்று கேட்டார். யாரும் கட்டமாட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். 63,000 பேர் கட்டினார்கள். அந்த ஆண்டின் வரி வருவாய் 1990இல் வந்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். குடிநீர் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் எட்டியதற்குக் காரணம் பணம்தான், மைம்கள் அல்ல. 2001 மார்ச்சில் ஆண்களை ஒரு மாலை வீட்டிலிருக்கச் சொன்னபோது ஏழு லட்சம் பெண்கள் தெருவுக்கு வந்ததும், கெரில்லாக்களின் மிரட்டலுக்குப் பதிலாக அவர் அணிந்த குண்டுதுளைக்காத சட்டையில் நெஞ்சருகே இதய வடிவில் ஓட்டை வெட்டியிருந்ததும் இதே இரண்டாம் பதவிக்காலத்தில்தான்.

நாட்டு அரசியலில் இந்த வித்தை பலிக்கவில்லை. ஜனாதிபதி கனவில் 1997இல் மேயர் பதவியைப் பாதியில் விட்டுப்போனார்; அதற்காகப் பிறகு நீரூற்றுக்குள் இறங்கி நின்று பொகோட்டா மக்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. 2010இல் பசுமைக் கட்சி வேட்பாளராகச் சூரியகாந்திப் பூவுடன் அலையெழுப்பினார். தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதைப் பிரச்சாரத்தின் நடுவே தானே அறிவித்தார். ஆனால் விவாத மேடைகளில் அவர் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லவில்லை. வகுப்பெடுத்தார், சொன்னதைத் திருத்தினார், திருத்தியதை விளக்கினார். இரண்டாம் சுற்றில் ஹுவான் மனுவேல் சாந்தோஸுக்கு 69 சதவீதம், இவருக்கு 27. மேயராக இருக்கையில் ஒரு யோசனை தவறினால் அடுத்த வாரம் வேறொன்றைச் சோதிக்கலாம். தேர்தல் அந்த வசதியைத் தருவதில்லை. ஆனாலும் 2018இல் செனட்டுக்குத் தேர்வானபோது நாட்டிலேயே இரண்டாவது அதிக வாக்குகள் அவருக்குத்தான்.

பொகோட்டாவில் ஊர்வழக்கம் மாறியது நிலைக்கவில்லை என்று சொல்பவர்களிடம் ஆதாரம் இருக்கிறது. 2008இல் மேயரான சாமுவேல் மொரேனோ ஒப்பந்த ஊழலில் சிக்கிப் பதவியிழந்து சிறைக்குப் போனார். டிரான்ஸ்மிலேனியோ பேருந்து நிலையங்களில் டிக்கெட் எடுக்காமல் தாண்டிக் குதிப்பவர்களால் நகருக்குப் பெரும் நட்டம். ஆனால் கேரட் நேரம் போன்ற உத்தரவுகளைப் பல நகரங்கள் எடுத்துக்கொண்டன. சொத்து வரியை உரிமையாளரே கணித்துக் கட்டும் முறை, காஸ்ட்ரோ உபயத்தில், அவருக்குப் பின் வந்த மேயர்களுக்கெல்லாம் பணம் கொடுத்தது, மொரேனோ உட்பட.