மனசுக்கு ஒரு பீரியட்

வா கண்ணா, வா கண்ணம்மா! மறைமலை நகர் ரயில் நிலையத்தைத் தாண்டிப் பள்ளிக்கு நடக்கிறாயே, உன்னிடம்தான் ஒரு கேள்வி.

கணக்கு டீச்சர் விடைத்தாள் கட்டோடு வகுப்புக்குள் வருகிறார். உன் பெயரை இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் உன் நெஞ்சு ஏன் திக் திக்கென்று அடித்துக்கொள்கிறது? நீ ஓடவில்லை, மாடிப்படி ஏறவில்லை. பெஞ்சில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்?

"ஆமாம், ஏன்?" என்று கேட்டாயா? சபாஷ்! இப்படிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் அறிவியல் வசப்படும்.

உன் மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், அமிக்டலா என்ற சின்னப் பகுதி இருக்கிறது. ஏதாவது ஆபத்து என்று தோன்றினால், பள்ளி மணி மாதிரி அது உடனே அடிக்கும். மணி கேட்டதும் பள்ளிக்கூடமே எழுந்துகொள்ளும் இல்லையா? அப்படி உன் உடம்பும் எழுந்துகொள்கிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வாய் உலர்கிறது. நாய் துரத்தினால் நீ தப்பி ஓடுவதற்காக உடம்பு செய்துவைத்த ஏற்பாடு இது. விடைத்தாளைப் பார்த்தாலும் அதே ஏற்பாடுதான் நடக்கிறது.

"பொறு, இது ஆபத்து இல்லை" என்று யோசித்துச் சொல்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். அதனால் உனக்குச் சட்டென்று கோபமோ அழுகையோ வந்தால் நீ கெட்ட பிள்ளை இல்லை. உன் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு வா. அவசரமே இல்லை.

இனிமேல்தான் அதிசயம். 2007-இல், லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். கோபமான முகம், பயந்த முகம் என்று படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அந்த முகத்தில் இருப்பது கோபமா, பயமா என்று பார்ப்பவர் பெயர் சொன்னபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதியின் வலதுபக்கம் சுறுசுறுப்பானது. உணர்வுக்குப் பெயர் சொல்வதே ஒரு மருந்து!

இதை நம் வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்போமா? நம் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022-இல் கார் செய்வதை நிறுத்தியது. இப்படி ஓர் ஆலை நின்றால் அப்பா வேறு ஊருக்கு வேலை தேடிப் போகலாம். பக்கத்து பெஞ்சு நண்பன் பள்ளி மாறிப் போகலாம். அப்போது உன் மனசில் இருப்பது கோபமா, வருத்தமா, பயமா? பெரும்பாலும் மூன்றும் கலந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடு. இதயத் துடிப்பு தணியும்.

இதையெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும். இப்படிக் கற்றுத்தரும் 213 திட்டங்களை, 2,70,034 மாணவர்களை வைத்து ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். 100 பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிற்க வைத்தால், நடுவில் நிற்கும் பிள்ளை இந்தப் பயிற்சிக்குப் பிறகு 11 இடம் முன்னே வருகிற அளவுக்குப் படிப்பும் உயர்ந்திருந்தது. மனசு அமைதியானால் பாடமும் ஏறுகிறது, பார்த்தாயா!

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கினார்கள். அதில் நர்சரி முதல் 8-ஆம் வகுப்பு வரை அமைதிப் பயிற்சி, கதை, உரையாடல் எல்லாம் இருந்தன. பரீட்சை இருக்கவில்லை. நம் பள்ளிகளிலும் கணக்குக்கும் அறிவியலுக்கும் இருப்பதுபோல மனசுக்கென்று தினம் ஒரு பீரியட் வேண்டும் என்பதே என் விருப்பம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் தங்கமே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி வைத்திருக்கிறார்கள். யாராவது உன்னைத் துன்புறுத்தினால் எழுதிப் போடு. உனக்குப் பிடித்த டீச்சரிடம் சொல். வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல ஆள் இல்லையென்றால் 1098-க்குப் போன் செய். குழந்தைகளுக்கான எண் அது. இரவானாலும் பகலானாலும் எடுப்பார்கள், காசும் கிடையாது. இந்த எண்ணை இப்போதே உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவை, உன் நண்பனுக்கும் சொல்லு.