நிழலுக்கு ஒரு ஆப்பு!

பி.காம். படித்தவனிடம் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்கலாம். கடிகாரத்தைக் கொடுக்கலாமோ? சென்னையில் எங்கள் காலனி அசோசியேஷன் கொடுத்தது!

பூங்கா நடுவே ஒரு மேடை பல வருஷமாகக் காலி. சிலை வைக்கத்தான் கட்டினார்கள். யார் சிலை என்பதில் தகராறு வந்து, மேடை மட்டும் மிஞ்சியது. "சூரியக் கடிகாரம் வைக்கலாமே! சாவி கொடுக்க வேணாம், பாட்டரி வேணாம், கரண்ட் பில் கிடையாது. முக்கியமா, மாலை போட யாரும் வரமாட்டாங்க" என்று அடியேன் வாயைத் திறந்தேன். கைதட்டல். கூடவே பொருளாளர் பதவி!

வீடு வீடாக வசூல். பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பாட்டிகூட உண்டு. டில்லிக்குப் போன மெம்பர் ஒருத்தர் பளபளவென்று பித்தளைத் தட்டு ஒன்றை வாங்கி வந்தார். கொத்தனார் சிமென்ட் போட, தேங்காய் உடைத்தோம்.

மறுநாள் ஆரம்பித்தது சனி. காலையில் தட்டு ஒரு நேரம், வாட்ச் ஒரு நேரம். சாயங்காலம் தப்பு வேறு மாதிரி. உச்சி வேளையில் மட்டும் கிட்டத்தட்ட சரி.

"கணக்கு காட்டச் சொன்னா நிழல் காட்டறீங்களே ஸார்!" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்குத் தூக்கம் போச்சு.

காப்பாற்ற வந்தவர் மூன்றாவது தெரு ரிட்டயர்டு சர்வேயர் மாமா. தட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தம்பி, கடிகாரம் மேல தப்பில்லே. இது டில்லிக்காரன். மெட்ராஸ்ல வேலை செய்யச் சொன்னா எப்படி?"

விஷயம் இதுதான். நிழல் விழ நடுவில் நிற்கும் முக்கோணத் தகட்டின் சாய்ந்த விளிம்பு, பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கவேண்டும். அதற்கு அந்தச் சாய்வு, ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை இருக்கணும். டில்லிக்கு சுமார் 28½. சென்னைக்கு 13. மணிக்கோடுகளும் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடிதான் போடப்பட்டிருக்கும்.

"வெட்கப்படாதே, ரோமாபுரிக்காரனே ஏமாந்திருக்கான்" என்று தைரியம் சொன்னார் மாமா. கி.மு. 263-ல் சிசிலித் தீவின் கட்டானியா நகரைப் பிடித்த ரோமானியர்கள், அங்கிருந்த சூரியக் கடிகாரத்தையும் தூக்கி வந்து, ஊர் நடுச் சதுக்கத்தில் தூண் மேல் வைத்தார்கள். ரோமோ நாலு டிகிரிக்கு மேல் வடக்கே இருக்கிறது. நேரம் எப்படிப் பொருந்தும்? ஆனாலும் 99 வருஷம் அதைப் பார்த்தே காலம் தள்ளினார்கள் என்று எழுதியிருக்கிறார் பிளினி. கி.மு. 164-ல்தான் சரியான கடிகாரம் வந்ததாம். நம் காலனி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டதே, பெருமைதானே!

நம்ம ராஜா ஜெய்சிங் உஷார் பேர்வழி. டில்லி, ஜெய்ப்பூர் என்று ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்ச் சாய்வுக்குத் தனித்தனியாகக் கட்டினார். 18-ம் நூற்றாண்டில் எழும்பிய ஜெய்ப்பூர் சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். அதன் நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, தட்டைத் தூக்கிப் போடுவதா? "வேணாம். தெற்குப் பக்கம் 15½ டிகிரி உசத்து" என்றார் மாமா. கல்லில் ஓர் ஆப்பு செதுக்கி அடியில் கொடுத்தோம். ஆப்பு வைத்து ஒரு நல்ல காரியம் நடந்தது உலகத்திலேயே அன்றைக்குத்தான்!

வடக்குத் திசையையும் மாமா விடவில்லை. குச்சியை நட்டு, சுற்றி வட்டம் போட்டார். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடம், மாலையில் தொட்ட இடம், இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தார். அதுதான் கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே செங்குத்தாகப் போனால் அசல் வடக்கு. கோயில் கட்டும் ஸ்தபதிகளின் பழைய வித்தை.

அப்படியும் வாட்ச்சோடு அப்படியே ஒத்துப் போகாது. நம் கைக்கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகை நேரம். சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே 9 நிமிஷம் லேட். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் மாதத்துக்கு மாதம் வேறு ஒரு வித்தியாசம். பிப்ரவரி நடுவில் தட்டு 12 காட்டும்போது வாட்ச்சில் 12.23. நவம்பர் ஆரம்பத்தில் 11.53!

இந்தக் கணக்கை ஒரு போர்டில் எழுதி மாட்டினோம். பள்ளிக்கூடப் பசங்கள் தட்டையும் போர்டையும் பார்த்துக் கூட்டிக் கழித்து நேரம் சொல்கிறார்கள். பென்ஷன் பாட்டி தினமும் வந்து சரிபார்க்கிறார். கொடுத்த பணமாச்சே!

உங்கள் பூங்காவிலும் வைக்கப் போகிறீர்களா? 'எந்த ஊருக்குச் செய்தது?' என்று கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

இன்னொன்று. பிப்ரவரியில் 23 நிமிஷம் லேட்டாக ஆபீஸ் போய், "சூரிய நேரப்படி கரெக்ட் ஸார்" என்று மானேஜரிடம் சொல்லிப் பார்த்தார் எங்கள் பக்கத்து வீட்டு இளைஞர்.

"அப்ப சம்பளத்தையும் சூரியன்கிட்டயே வாங்கிக்கோ" என்றாராம் மானேஜர்!