தொலைதூரம் வந்த குதிரைக்கு முதல் வாரப் பராமரிப்பு

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், ஆடி மாதத்துக் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு வந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடுமாறு உள்நோக்கி வளைந்த காதுகளையுடைய கத்தியவார், மார்வார் குதிரைகளைக் கண்டு மனம் பறிகொடுத்து, விலை பேசி முடித்து, லாரியில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்கிறவர்கள் உண்டு. வந்த மறுநாளே சேணம் பூட்டி ஏறிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்கு எழுவது இயல்பே. ஆயினும், நெடுந்தூரப் பிரயாணத்தால் குதிரைக்கு நேரும் நோய்களிற் பல, வண்டியில் இருக்கும்போது தலைகாட்டாமல், இறங்கிய பிறகு இரண்டு மூன்று நாட்கள் கழித்தே வெளிப்படுகின்றன என்பதை அறிந்தவர்கள் அந்த ஆவலை அடக்கிக்கொள்வார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் பெருந்தொகைக்கு வாங்கப்பட்ட குதிரைகள், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையால் விரைவிலேயே மடிந்தன என்று எழுதிவைத்திருக்கிறார். அக்குறையை நீக்கும் அறிவு இன்று நமக்கு எளிதிற் கிடைக்கிறது. அதைக் கைக்கொள்ளும் பொறுமையே வேண்டும்.

பிரயாணம் உடலுக்குச் செய்யும் தீங்கு

ஓடும் வண்டியில் குதிரை ஓய்வாக நிற்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில், ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு குலுக்கலிலும் நான்கு கால்களையும் ஊன்றி உடலைச் சமன்செய்துகொண்டே வருவதால், அதன் தசைகள் இடைவிடாமல் உழைத்துக் களைத்துப்போகின்றன. அதைவிடப் பெரிய அபாயம் தலையை உயரத் தூக்கிக் கட்டுவதால் விளைகிறது. புல் மேயும்போது தலை தாழ்ந்திருப்பதால் மூச்சுக்குழலிற் சேரும் தூசியும் சளியும் தாமாகவே வடிந்துவிடும். பல மணி நேரம் தலையைத் தாழ்த்த இயலாத குதிரைக்கோ அவை உள்ளேயே தங்கி, தொண்டையிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்க வழிசெய்கின்றன. பிரயாணச் சுரம் என்று சொல்லப்படும் கொடிய நுரையீரல் அழற்சி இவ்வாறே உண்டாகிறது. ஆகையால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தவிட்டுத் தண்ணீர் காட்டுதல் அவசியம்.

குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஓயாமற் சுரப்பதனால், வெறும் வயிற்றோடு கழியும் நேரம் நீள நீள அங்கே புண் தோன்றும் வாய்ப்பும் மிகுகிறது. எனவே வழிநெடுகிலும் உலர்ந்த புல் அதன் வாய்க்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

இறங்கியதும் தண்ணீரும் புல்லும்

இறக்கியவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் கையிற் பிடித்து மெல்ல நடத்தி, பிறகு நிழலான, காற்றோட்டமுள்ள, தூசியற்ற லாயத்தில் விடவேண்டும். முதலிற் கொடுக்கவேண்டியது தண்ணீர். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை சாதாரணமாக நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். நம் கோடையில் இன்னும் அதிகமாகவே குடிக்கும். ஆனால் புதிய ஊரின் ஆழ்குழாய்த் தண்ணீரை முகர்ந்து, மேலுதட்டை நனைத்து, தலையைத் தூக்கிக்கொண்டு விலகிவிடும் குதிரைகள் பல. தாகம் முற்றினால் தானே குடிக்கும் என்று விட்டுவிடலாகாது. நீர் குறைந்தால் குடலிலுள்ள தீனி இறுகி, கடுமையான வயிற்று வலியில் முடியும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே தண்ணீரிற் சிறிது வெல்லம் கரைத்துப் பழக்கி, வந்த இடத்திலும் அவ்வாறே கொடுத்தால், நீரின் வேற்றுமை அதற்குத் தோன்றுவதில்லை. தொட்டியைவிட வாளியில் வைப்பது நன்று. எத்தனை வாளி குடித்தது என்பது கணக்கில் நிற்கும்.

அருகம்புல்லையோ உலர்ந்த நல்ல புல்லையோ தொங்கும் வலையிற் கட்டாமல், சுத்தமான தரையிலேயே போடவேண்டும். தலை தாழ்ந்து தின்னும்போதே மூச்சுக்குழல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது.

தீனியை மாற்றும் முறை

வந்த குதிரை களைத்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு, முதல் நாளே கொள்ளும் தவிடும் நிறைய வைப்பவர்கள் அன்பினாலேயே தீங்கு செய்கிறார்கள். நார்ச்சத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் குதிரையின் பெருங்குடலில் வாழ்கின்றன. திடீரென்று தானியம் மிகுந்தால் அவை நிலைகுலைந்து, வயிற்று வலியும், குளம்புக்குள் அழற்சியும் தோன்றும். அவ்வழற்சி முற்றினால் குதிரை ஆயுள் முழுதும் நொண்டவும் கூடும். மேலும், குதிரையினால் வாந்தியெடுக்க இயலாது. தவறாக உட்சென்றதை வெளியேற்ற அதற்கு வேறு வழியில்லை.

ஆதலால் விற்றவரிடமிருந்தே பழைய தீனியில் ஒரு மூட்டை வாங்கிவந்து, முதல் நாள் புல் மட்டும் கொடுத்து, பிறகு பழைய தீனியோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மாற்றத்தை முடிக்கவேண்டும். பழக்கமில்லாத குதிரைக்கு வைக்கோலை வயிறு நிறையப் போடுவதும், குதிரைமசாலை முதல் நாளே தாராளமாக வெட்டிப்போடுவதும் கூடாது.

தினசரி சோதனை

குறைந்தது ஐந்து நாட்களுக்குக் காலையும் மாலையும் ஆசனவாயில் சுரமானி வைத்து உஷ்ணத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த குதிரைக்கு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு; 38.5-ஐத் தாண்டினால், குதிரை தீனி எடுத்துக்கொண்டிருந்தாலுங்கூட, மருத்துவரை அழைத்துவிட வேண்டும். ஓய்விலிருக்கையில் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரையிலும், சுவாசம் 8 முதல் 16 வரையிலும் இருக்கும். தாடையெலும்பின் கீழ்ப்புறத்தில் விரலை வைத்து நாடியையும், விலாவின் அசைவைக் கொண்டு சுவாசத்தையும் எண்ணலாம். ஈறு ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கிறதா, விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வறண்ட மேற்குப் பிரதேசத்திலிருந்து நம் கடற்கரையின் புழுக்கத்துக்கு வரும் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோவதுண்டு. வெயிலில் தோல் உலர்ந்திருக்க, மூச்சு மட்டும் வாங்குமானால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மருத்துவரின் யோசனையைப் பெறவேண்டும்.

மூன்று வாரத் தனிமை

புதிய குதிரையை வந்த அன்றே மற்றக் குதிரைகளோடு சேர்க்கலாகாது. தாடையின் கீழ்க் கட்டி தோன்றிச் சீழ் வைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ், 1987-லும் 2008-லும் இந்தியாவிற் பரவிய குதிரை இன்ஃபுளுவென்சா ஆகியவை, வெளிக்குத் தெரியாமலே குதிரையோடு வந்துவிடக்கூடும். கிளாண்டர்ஸ் என்னும் நோயோ மனிதரையும் தொற்றுவது. சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியது. மூன்று வாரம் தனி லாயமும், தனி வாளியும், தனித் துடைப்பமும் வைத்து, அக்குதிரையின் வேலைகளைக் கடைசியிற் செய்து, பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினால் பெரும்பாலான தீங்கைத் தடுத்துவிடலாம். இக்காலத்திலேயே இரத்தப் பரிசோதனையையும் தனுர்வாதத் தடுப்பூசியையும் முடித்துக்கொள்வது உத்தமம்.

மனம் நிலைகொள்ளுதல்

குதிரை கூட்டமாக வாழும் சுபாவமுள்ள பிராணி. நோய்க்காகத் தனியே வைத்தாலும், வேறொரு குதிரை தூரத்திலேனும் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது அதன் அச்சத்தைத் தணிக்கும். தீனி வைப்பவரும் குளிப்பாட்டுபவரும் முதல் சில நாட்கள் ஒருவராகவே இருக்கட்டும். பழைய எஜமானர் அழைத்த பெயரையும், நடத்தவும் நிறுத்தவும் அவர் கொடுத்த ஒலிகளையும் கேட்டறிந்து அவற்றையே வழங்குவதும் நல்லது. குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். அஞ்சிய இடத்தில் அது படுப்பதில்லை. ஆகவே விடியற்காலையில் அதன் விலாவிலும் பிடரியிலும் வைக்கோல் துரும்பு ஒட்டியிருக்கக் கண்டால், இரவில் நிம்மதியாகப் படுத்துறங்கியது என்று கொள்ளலாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

தீனியை வெறுத்தல், இருமல், மூக்கில் சளி வடிதல், காலால் தரையைப் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், புரளுதல், சாணம் போடாதிருத்தல், முன்னங்கால்களை நீட்டிப் பின்னங்கால்களிற் சுமையை ஏற்றி நிற்றல், குளம்பு சூடாயிருத்தல் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள், பிரயாணத்துக்குத் தகுதியான குதிரை என்னும் மருத்துவச் சான்றிதழைக் கேட்கின்றன. ஒரு வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைகளுக்கு மேல் ஏற்றலாகாது என்றும் விதிக்கின்றன. அச்சான்றிதழைக் கையிற் பெறாமல் பணம் கொடுக்காதீர்கள். குதிரை வருவதற்கு முன்பே மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், ஒரு சுரமானியையும், ஒரு குறிப்பேட்டையும் லாயத்தில் வைத்துவிடுங்கள். முதல் வாரம் சேணத்தைத் தொடாதீர்கள். அதன் பிறகும், மருத்துவர் பார்த்துச் சரியென்று சொன்ன பின்னரே குதிரையின்மேல் ஏறுங்கள்.