மஞ்சள் ஃபோல்டருக்குள் ஒளிந்த புரோகிராம்

விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்தைச் சுற்றியும் திண்டிவனம் வட்டாட்சியர் அலுவலகத்துப் பக்கமும் உள்ள ஜெராக்ஸ், டிடிபி கடைகள் பலவற்றில், ஒரு கணினியில் அடித்த மனு இன்னொன்றிலிருந்து பிரிண்ட் ஆகும். நடுவில் இருப்பது ஷேர் ஃபோல்டர். நெட் இணைப்பே இல்லாத கணினிக்கு வைரஸ் எப்படி வரும் என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வாடிக்கையாளரின் பென் டிரைவ் ஒரு கணினியைக் கெடுத்தால் போதும். மற்றவற்றுக்கு வழியை நாமே திறந்து வைத்திருக்கிறோம், ‘எவ்ரிஒன்’ பெயருக்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’ டிக் அடித்து. படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபோல்டரில் வைரஸ் தன் நகலை எழுதி வைக்க முடியாது. எழுதவும் அனுமதி கிடைத்துவிட்டால், ‘நியூ ஃபோல்டர்.இஎக்ஸ்இ’ ரக வைரஸ்கள் செய்யும் வேலை ரசிக்கத்தக்கது. இஎக்ஸ்இ புரோகிராம் தன் ஐகானைத் தனக்குள்ளேயே சுமந்து வருவது. பெயரின் வால்பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். எனவே வைரஸ் மஞ்சள் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு, அங்கே ஏற்கெனவே உள்ள ஃபோல்டரின் பெயரையே வைத்துக்கொள்கிறது. சில வகைகள் அசலை மறைத்தும்விடும். ‘டைப்’ என்ற பத்தியில் மட்டும் ‘அப்ளிகேஷன்’ என்று இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

கண்டதையும் கிளிக் செய்யாவிட்டால் தப்பலாமே என்பார்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய, ஃபைல்களைப் பூட்டிவைக்கும் வான்னாக்ரை வைரஸுக்கு யாரும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. ஃபைல் பகிரும் எஸ்எம்பி சேவையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, 445ஆம் எண் போர்ட்டைத் தட்டி, கணினிவிட்டுக் கணினி தானே தாவியது. திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் வரும் ஒரகடத்தின் ரெனோ-நிசான் கார் ஆலையும், கேரளத்தில் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றில் அடக்கம். இங்கே ஃபோல்டர் அனுமதியைக் குறைத்திருந்தாலும் பயனில்லைதான். ஆனால் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் எவ்ரிஒன்னுக்கு டிக் அடிப்பதும் ஒரே மனநிலையின் விளைவுகள்: கடைக்குள் இருக்கும் கணினியெல்லாம் நம்முடையதுதானே என்ற நினைப்பு.

ஷேர் ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட், அனுமதி என்று கட்டுப்பாடு போட்டால் கூட்ட நேரத்தில் வேலை நின்றுவிடும் என்பது நியாயமான கவலை. ஆனால் பாஸ்வேர்டை ஒருமுறை கொடுத்துச் சேமித்தால் விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். பிரிண்ட் எடுக்கும் கணினிக்குப் படிக்கும் உரிமையே போதும். பேக்கப் இருக்கிறதே என்ற தெம்பையும் சோதிக்க வேண்டும். அது ஷேர் டிரைவிலேயே கிடந்தால், வான்னாக்ரை போன்ற வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்கை அதனால் எட்ட முடியாது.