ஏரிக்கரையில் வீடு, எதிரே குன்று: மழைநீர் எங்கே போகிறது?

சிம்பாங் அம்பாட் என்ற மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். பட்டர்வொர்த்திலிருந்து பேராக் பக்கம் பழைய கூட்டரசுச் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அது கடந்து போகும் ஒரு சிற்றூர், அவ்வளவுதான். கடல் உணவு சாப்பிட புக்கிட் தம்புன் போகிறவர்கள் அங்கே வண்டியைத் திருப்புவார்கள். இன்று நிலைமை வேறு. 2014 மார்ச் 1ஆம் தேதி பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு, பத்து காவானும் அதன் அண்டை ஊரான சிம்பாங் அம்பாட்டும் தீவில் வேலை செய்வோருக்கு எட்டும் தூரமாகிவிட்டன. பத்து காவான் தொழிற்பேட்டை வளர்ந்தது. 2019இல் ஐக்கியா பேரங்காடியும் வந்தது. கொமுட்டர் ரயிலும் இங்கே நிற்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். செபராங் பிறையில் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர். தீவில் வீடு வாங்க முடியாத இளம் குடும்பங்கள் கடலைத் தாண்டி வருகின்றன. அவற்றுள் நம் குடும்பங்களும் நிறைய.

இந்த வட்டாரத்தில் வீடு விற்பவர்கள் காட்டும் படங்களில் இரண்டு காட்சிகள் தவறாமல் இருக்கும். ஒன்று நீர்நிலை, மற்றொன்று பசுமையான குன்று. பண்டார் தாசேக் முத்தியாரா என்ற குடியிருப்பு தன் பெயரிலேயே ஏரியை வைத்திருக்கிறது. முத்து ஏரி நகரம் என்று தமிழில் சொல்லலாம். குன்றுகளுக்கும் குறைவில்லை. மேற்கே புக்கிட் தம்புன், வடக்கே புக்கிட் மெர்தாஜாம் மலை, தென்கிழக்கே கெடா எல்லையை ஒட்டி புக்கிட் பஞ்சோர். காலையில் ஏரிக்கரையில் நடைப்பயிற்சி, மாலையில் மலைக்காற்று என்று யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் குன்று, வீடு, ஏரி, ஆறு என்ற நான்கையும் ஒரே மழைநீர்தான் இணைக்கிறது. வீடு வாங்கும்போது சமையலறை மேடையின் நீளத்தை அளந்து பார்க்கும் நம் மக்கள், இந்த இணைப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

முதலில் நிலத்தைப் பற்றி. தென் செபராங் பிறையின் கரையோரம் இயல்பாகவே தாழ்வான, ஈரமான பூமி. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் உருவானபோது, சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, வரப்பு உயர்த்தி நீரை வடித்தார்கள். அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர். பினாங்கின் தமிழர் வரலாற்றில் ரப்பருக்கு முந்திய அத்தியாயம் கரும்பு என்பது பலருக்குத் தெரியாது. கரும்பு போய் ரப்பரும் தென்னையும், பிறகு செம்பனையும் வந்தன. பயிர்கள் மாறினாலும் கால்வாய்களின் வேலை மாறவில்லை. தோட்டம் இருந்தவரை மழையில் ஒரு பகுதியை மண் குடித்தது, ஒரு பகுதி மரத்தடிப் பள்ளங்களில் தேங்கியது, மிச்சம் மெதுவாகக் கால்வாய்க்குப் போனது.

அதே இடத்தில் தாமான் எழும்பும்போது கணக்கு மாறிவிடுகிறது. 20 அடிக்கு 70 அடி மனையில் ஒரு மாடி வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் ஏறக்குறைய 13,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆயிரம் வீடுகள் என்றால் 1 கோடியே 30 லட்சம் லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஐந்தை நிரப்பும் அளவு இது. சாலைகளில் விழும் மழையை இன்னும் சேர்க்கவில்லை. கூரையும் தார்ச்சாலையும் சிமெண்ட் தரையும் நீரைக் குடிப்பதில்லை. வந்த நீர் வந்த வேகத்தில் கால்வாயில் இறங்கும்.

இதற்காகத்தான் நீர்ப்பாசன வடிகால் துறை, ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் துறை, சுற்றுச்சூழலுக்கு இசைந்த வடிகால் கையேடு ஒன்றை வகுத்து 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. மஸ்மா என்பது அதன் சுருக்கப் பெயர். 2012இல் திருத்திய பதிப்பும் வந்தது. அதன் அடிப்படை எளிது. மேம்பாட்டுக்குப் பின் ஒரு நிலத்திலிருந்து வெளியேறும் வெள்ளத்தின் உச்ச வேகம், மேம்பாட்டுக்கு முன் இருந்ததைவிடக் கூடக்கூடாது. கூடுகிற நீரை அந்த நிலத்திலேயே பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விட வேண்டும். புதிய தாமான்களில் நாம் ஏரி என்று சொல்லும் நீர்நிலைகளில் பல இந்த வேலைக்காக அமைக்கப்பட்ட தேக்கக் குளங்கள். நடைபாதையும் பூச்செடியும் பிற்பாடு வந்த அலங்காரம்.

தமிழர்களுக்கு இது புதுப்பாடம் அல்ல. ஏரி, கரை, மதகு, கலங்கல் என்று நம் மொழியில் சொற்களே இருக்கின்றன. மதகு வழியாக அளவோடு நீர் போகும். அளவுக்கு மீறினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். தேக்கக் குளத்திலும் ஒரு சிறு வெளியேற்றுக் குழாயும் அதற்கு மேலே ஒரு வழிந்தோடியும் இருக்கும். நம் ஊர் ஏரி பயிருக்காக நீரைச் சேமித்தது. தேக்கக் குளமோ, அடுத்த மழைக்கு இடம் வைத்துக் காலியாகக் காத்திருக்க வேண்டும். மழைக்கு முன்பே தளும்பி நிற்கும் குளம் பார்க்க அழகாக இருக்கலாம். வெள்ளத்தின்போது அதனால் பயன் குறைவு.

சொல் இருந்தும் அறிவை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை காட்டியது. வேளச்சேரியில் ஏரியின் பெரும்பகுதியும் குடியிருப்பாக மாறிப்போனது. 2015 டிசம்பர் மழையில் அந்தப் பகுதி நீரில் மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்து விடப்பட்டதை அப்போது செய்தியில் படித்திருப்போம்.

பினாங்கிலும் அப்படி ஒரு நாள் வந்தது. 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய மழை ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. கடல் பெருக்கும் சேர்ந்துகொண்டதால் ஆறுகள் நீரைக் கடலில் இறக்க முடியாமல் திணறின. தீவும் பெருநிலமும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன. ஏழு உயிர்கள் போயின. அவ்வளவு பெரிய மழையை எந்தத் தாமான் குளமும் முழுமையாகத் தாங்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுக்கு நாலைந்து முறை வரும் சாதாரணக் கனமழைக்கு அது தாங்க வேண்டும். அதற்கே தண்ணீர் ஏறுகிறது என்றால் எங்கோ கோளாறு.

அந்தக் கோளாறு பெரும்பாலும் குன்றிலிருந்துதான் தொடங்குகிறது. பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும், 25 பாகைக்கு மேல் சரிவான நிலமும் மலை நிலமாகக் கருதப்பட்டு, மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்ததும், 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் சிம்பாங் அம்பாட் போன்ற இடத்தில் குன்று உடனே ஆளைக் கொல்வதில்லை. மரத்தை எடுத்துவிட்டுச் செம்மண்ணைத் திறந்து போட்டால், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் கால்வாய்க்கு வரும், அங்கிருந்து குளத்துக்கு வரும். குளம் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் குறையும். மேலே பார்த்தால் அதே நீர்ப்பரப்பு, அதே வாத்து. அடியிலோ பாதி மண். தூர்வாராத ஏரிக்கு நேர்ந்த கதிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பேசத்தான் பலர் தயங்குகிறார்கள். புதிய தாமானுக்கு மண் கொட்டி நிலத்தை உயர்த்துகிறார்கள். வாங்குபவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் பக்கத்தில் இருக்கும் பழைய கம்பமும், தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறியவர்கள் குடியேறிய பழைய மலிவு வீடுகளும் அதே மட்டத்தில் கிடக்கின்றன. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும். அதற்கு ஜாதியும் தெரியாது, வீட்டு விலையும் தெரியாது. புதுத் தாமானின் குளம் ஒழுங்காக வேலை செய்தால் முதலில் பயனடைவது கீழே இருக்கும் அந்தக் குடும்பங்களே. கெட்டால் முதலில் மெத்தையைத் தூக்கி மேசைமேல் வைப்பதும் அவர்களே.

குடியிருப்பாளர்களின் பங்கும் இல்லாமல் இல்லை. சாவி கையில் கிடைத்த மறுமாதமே முன்புறப் புல்தரை முழுக்க தைல்ஸ் போட்டுவிடுகிறோம். பின்புறச் சமையலறையைக் கால்வாய் விளிம்புவரை இழுத்துவிடுகிறோம். ஒரு வீடு செய்தால் ஒன்றுமில்லை. ஆயிரம் வீடும் செய்தால் பொறியியலாளர் போட்ட கணக்கு பொய்யாகிவிடும். கார் நிற்கும் இடம் போக மீதியில் புல் இருக்கட்டும். கொசுவுக்குப் பயந்து குளத்தை மூடச் சொல்பவர்களும் உண்டு. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரையே அதிகம் தேடுகிறது; மீன் வாழும் குளத்தில் அதன் புழுக்கள் பிழைப்பது அரிது. பிள்ளைகள் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதைவிட அவசரம்.

வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பனை அலுவலகத்தில் தாமானின் அமைப்பு வரைபடத்தைக் கேட்டு, தேக்கக் குளம் எது, அது வடிகால் நிலமாக ஒதுக்கப்பட்டதா, வேலை முடிந்தபின் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்று கேட்கலாம். அரசுத் தரப்பிடம் ஒப்படைக்கப்பட்ட குளம் என்றால், செபராங் பிறை மாநகர் மன்றத்திடமோ ஜேபிஎஸ்ஸிடமோ முறையிட வழியுண்டு. 2019 செப்டம்பரில் மாநகர் தகுதி பெற்ற அந்த மன்றத்துக்குத்தான் நாம் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். வேலிக்குள் இருக்கும் ஸ்திராத்தா குடியிருப்பில் குளம் பொதுச் சொத்தாக இருந்தால் கதை வேறு. 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி பொதுச் சொத்தைப் பராமரிப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. தூர்வாரும் செலவும் குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் கட்டும் பணத்திலிருந்துதான் வர வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீச்சல் குளத்துக்கு எவ்வளவு, பாதுகாவலருக்கு எவ்வளவு என்று கேட்பவர்கள், ஏரியின் ஆழத்தைக் கடைசியாக அளந்தது எப்போது என்றும் சேர்த்துக் கேட்கலாம்.