நடுநிலைமை: மனிதநேய உதவி பற்றிய பாடங்களில் ஒரு கலைச்சொற் சிக்கல்

செஞ்சிலுவை இயக்கம் 1965ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளுள் இரண்டு, தமிழில் 'நடுநிலைமை' என்னும் ஒரு சொல்லுக்குள் எளிதில் அடங்கிவிடக் கூடியவை. ஒன்று, நாடு, இனம், சமயம், அரசியற் கருத்து ஆகியவற்றை நோக்காது தேவையின் அளவறிந்து உதவுதல். மற்றொன்று, போரில் எத்தரப்பையும் சேராதிருத்தலும் அரசியல், சமய வாதங்களில் ஈடுபடாமையும். முன்னது துன்புறுவோரைப் பற்றியது. பின்னது போரிடுவோரைப் பற்றியது.

திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய 'நடுவுநிலைமை', வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேறுபாடின்றி அறத்தின்வழி நிற்றலைக் குறிக்கின்றது. இப்பொருள் முதற்கொள்கைக்கே அண்மையது. ஆயின் 'நடுநிலை நாடு' என்னும் இக்கால வழக்கில் அச்சொல் பின்னதன்பாற் சாய்ந்துள்ளது. இரண்டிற்கும் இதனையே ஆளின், கொடுமை கண்டும் பேசாதிருத்தல் அறத்தின் பாற்பட்டது என்னும் கருத்து மாணவர் உள்ளத்தில் ஆராயாமலே பதிந்துவிடும்.

அதுவோ இன்றும் முடிவுறாத வாதம். பயாஃப்ராப் போரில் (1967–70) பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சிலர், கண்டவற்றை வெளியிடாத செஞ்சிலுவை மரபை ஏற்கவில்லை. 1971இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பை நிறுவியோருள் அவர்களும் அடங்குவர். வெளியிற் பேசாமையே சிறைகளுக்குள்ளும் போர்க்களங்களுக்குள்ளும் செல்ல வழிதருகின்றது என்பது செஞ்சிலுவைக் குழுவின் விளக்கம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர் இவ்விரு தரப்பையும் சீர்தூக்க இரு சொற்கள் தேவை. முன்னதனைப் 'பாரபட்சமின்மை' எனவும், பின்னதனைப் 'பக்கஞ்சேராமை' எனவும் பிரித்தாளுதல் பொருந்தும்.